இப்படிக்கு

1
இந்தக் கதை என் தவறிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்டால் எனக்கு இன்னும் வலிக்கும்.

முதல் தொடக்கம்: 'எங்கள் குடியிருப்பில் மக்களாட்சி மலர்ந்த அந்தப் பொன்னான காலையில்—'

(அடித்துவிட்டேன். அன்று ஒன்றும் மலரவில்லை.)

2
குடியிருப்புக்கு வயது பத்து. அதில் ஒன்பது வருடம் எங்களுக்கென்று ஓர் ஊராட்சி கேட்டு மனு கொடுத்தோம். எழுதியவன் நான். வீடு வீடாகச் சுமந்தவள் தையல்கடை வைத்திருக்கும் என் அக்கா. "கையெழுத்து இல்லாத காகிதம் குப்பைக்குத்தான் போகும்" என்று வாசலுக்கு வாசல் சொன்னதும் நான்தான். கைநாட்டு வைத்தவர்கள்கூட எழுதப் பழகினார்கள். மூன்று பேர் மட்டும் கடைசிவரை போடவில்லை: தண்ணீர் லாரிக்காரர், அவர் மனைவி, அவர் மைத்துனன். ஊராட்சி வந்தால் குழாய் வரும். அப்புறம் லாரி என்னாவது?

ஊராட்சி வந்தேவிட்டது. தலைவர் தேர்தலில் அக்காவும் லாரிக்காரரும் நின்றார்கள்.

3
பள்ளிக்கூட அறையில் எண்ணிக்கை. அதிகாரி முதல் சீட்டைப் பிரித்தார். அக்காவின் கத்தரிக்கோல் சின்னத்தின் மேல் முத்திரை. அடியில், பேனாவால், அழகாக, ஒரு கையெழுத்து.

"செல்லாது."

"ஏன் சார்?" என்றாள் அக்கா.

"ரகசிய ஓட்டும்மா. யாருதுன்னு தெரிஞ்சா செல்லாது."

அடுத்த சீட்டிலும் கையெழுத்து. அதற்கடுத்ததிலும். ஒன்றில் 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' என்றே இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டில் நானூற்று ஒன்பது!

(யாரும் நம்பமாட்டார்களே என்று எண்ணிக்கையைக் குறைக்கப் பார்த்தேன். மனம் வரவில்லை.)

மிச்சம் மூன்று. லாரிக்காரருக்கு இரண்டு, அக்காவுக்கு ஒன்று. லாரிக்காரர் விரல்விட்டு எண்ணினார். பிறகு மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா சுவரிலிருந்த பெருக்கல் வாய்ப்பாட்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

"நீயாவது போடாம இருந்தியாடா?" என்று அக்கா கேட்டாள்.

இருபத்து மூன்றாவது சீட்டு என்னுடையது. என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

"நானும் போட்டுட்டேன்டா" என்றாள்.

4
முடிவு ஒன்று: அக்கா கதறி அழு— இல்லை, அழவில்லை.
முடிவு இரண்டு: லாரிக்காரர் பெருந்தன்மையோடு பதவியை விட்டு— அந்த ஆளா?

நடந்தது இவ்வளவுதான். மறுதேர்தல் கேட்டு மனு எழுதச் சொன்னாள். எழுதினேன். கொண்டுபோனால் ஒருவரும் பேனாவைத் தொடவில்லை.

"ஐயையோ, கையெழுத்துப் போட்டா செல்லாதாமே!"

மனு கொடுக்க நாளைதான் கடைசி நாள். மனு இதோ. முடிவை உங்களிடம் விடுகிறேன்.

'ஐயா, அந்த நானூற்று ஒன்பது ஓட்டும் எங்களுடையவைதான். அதற்கு எங்கள் கையெழுத்தே சாட்சி.

இப்படிக்கு,