இரண்டே முக்கால் மணி நேர வீடு

மலையில் பற்றிய தீ ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டே முக்காலுக்குக் காட்டை விட்டு இறங்கி, மோட்டார் சைக்கிள் சங்கத்தின் கடைசி வண்டிக்குப் பின்னால், சாலையின் இடது ஓரமாக ஊருக்குள் வந்தது. ஒரு லாரி நீளமும் ஆள் உயரமும் இருந்தது. முன்னால் போன வண்டிக்கும் அதற்கும் நடுவே நாற்பதடி இடைவெளியை அது கடைசிவரை மீறவில்லை. அடிவாரச் சோதனைச் சாவடியில் இருந்த காவலாளி, ஏறிப்போன இருபத்து மூன்று பேருக்கு இறங்கி வந்தவை இருபத்து நான்கு என்று எண்ணி, சரியாக எண்ணினோமா என்ற சந்தேகத்தோடு தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டார்.

அன்று தீயணைப்பு நிலையத்தில் தொலைபேசி எடுக்கும் வேலையில் இருந்தவள் அந்தக் கடைசி வண்டிக்காரரின் மனைவி. அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். ஒன்பது வருட வேலையில் அவள் கேட்காத அலறல் இல்லை. எந்த அலறலுக்கும் குரலை உயர்த்தாமல் இடம், அளவு, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று மூன்று கேள்வி கேட்டு, மூன்று கட்டங்களை நிரப்பிவிட்டு, வண்டி கிளம்பிவிட்டது, நீங்கள் வெளியே வந்துவிடுங்கள் என்பாள். அன்று பேசியவர் அலறவே இல்லை.

"ஒரு தீ வந்துகிட்டு இருக்குங்க."

"எந்த இடம்?"

"இடம்னு சொல்ல முடியாதுங்க. வந்துகிட்டே இருக்கு. முன்னால போற ஆள் கை காட்டினா அதுவும் திரும்புது."

இடம் என்ற கட்டத்தை அவளால் நிரப்ப முடியவில்லை. அது இன்றும் அந்தப் பதிவேட்டில் காலியாகத்தான் இருக்கிறது.

நடந்தது இதுதான். சங்கம் ஆண்டுக்கொரு முறை மலை உச்சியிலுள்ள ஓய்வு விடுதியில் கூடும். முதல் ஆண்டிலேயே ஓடையில் குளித்துக்கொண்டிருந்த ஒருவரை மறந்துவிட்டு இருபது கிலோமீட்டர் இறங்கிவிட்டார்கள். அவர் துண்டோடு நடந்து வந்து சேர்ந்தபின் பேசிய பேச்சு எல்லோருக்கும் நெடுநாள் காதில் இருந்தது. அதிலிருந்து ஒரு வழக்கம். எல்லோரும் கிளம்பியபின் கடைசி வண்டிக்காரர் மலையைப் பார்த்துத் திரும்பி நின்று, மூன்று முறை உரக்கக் கூப்பிட வேண்டும். குரல் போதவில்லை என்றால் முன்னால் போனவர்கள் ஹார்ன் அடித்து மறுபடி கூப்பிடச் சொல்வார்கள். தொலைபேசி எடுப்பவளின் புருஷனுக்கு மின்தூக்கி பழுது பார்ப்பது வேலை. மேலே மாட்டிக்கொண்டவர்களுக்குக் கீழே இருந்து தைரியம் சொல்லிச் சொல்லிப் பழகிய வெண்கலக் குரல். அதனால் அந்தப் பொறுப்பு அவரிடமே நிலைத்து, பெற்றவர்கள் வைத்த பெயர் போய், ஊருக்கே அவர் கடைசிக்காரர் ஆகிவிட்டார்.

அந்த ஆண்டு எதிர் மலையில் மூன்று நாளாகத் தீ எரிந்துகொண்டிருந்தது. காட்டு இலாகாக்காரர்கள் வந்து, இந்த வருடம் வேண்டாமே என்று கேட்டுக்கொண்டார்கள். சங்கத் தலைவரான பல் மருத்துவர், ஒரு பள்ளத்தாக்கு தள்ளித்தானே, நாம் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகிறோம் என்று சொல்லிவிட்டார். தட்டில் சாம்பல் விழ விழச் சாப்பிட்டார்கள். புகையைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். கிளம்பும்போது கடைசிக்காரர் இருபத்து மூன்று தலைகளை எண்ணிவிட்டார். ஒருவரும் விடுபடவில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே. எரிகிற மலையைப் பார்த்து நின்று, "யாராவது இருக்கீங்களா? கிளம்பறோம், வாங்க, சேர்ந்தே போகலாம்" என்று மூன்று முறை கூப்பிட்டார். அதுவரை அந்தத் தீயிடம் எல்லோரும் போ என்றுதான் சொல்லியிருந்தார்கள். மூன்றாவது கூப்பாட்டில் அது தலையைத் தூக்கிப் பார்த்தது. பள்ளத்தாக்கில் இறங்கி, ஓடையைத் தாண்டி, சாலை அகலத்துக்குத் தன்னைச் சுருக்கிக்கொண்டு வந்து பின்னால் நின்றது.

நிலைய அதிகாரி இரண்டு வண்டி நிறையத் தண்ணீர் அடித்துப் பார்த்தார். சேற்றுக்கு ஒதுங்குகிறவர்கள்போல் தீ ஒதுங்கி நின்று, தண்ணீர் தீர்ந்ததும் பழைய இடத்துக்கு வந்தது. மணல், நுரை, ஈரச் சாக்கு எல்லாம் ஆயிற்று. இன்னொருவரைக் கடைசி ஆளாக நிறுத்திப் பார்த்தார்கள். தீ அவரை மரியாதையாகச் சுற்றிக்கொண்டு வந்து, கூப்பிட்டவருக்குப் பின்னாலேயே நின்றது. மலைக்கே திரும்பக் கூட்டிப்போய், கூட்டம் முடிந்தது, நீ இங்கேயே இரு என்று தலைவர் எடுத்துச் சொன்னார். மலையில் கரியைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. அது சுற்றிப் பார்த்துவிட்டு கடைசிக்காரரோடேயே இறங்கிவிட்டது. பத்தாம் நாள் அதிகாரி கையை விரித்து, 'உடன்வரும் தீ, சேதமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வண்டி ஓடும்வரை சேதமில்லை என்பது உண்மை. நின்றால் ஏழு நிமிடம். நிலையத்துக் கடிகாரத்தை வைத்து அவளே கணக்கிட்டாள். ஏழு நிமிடத்துக்குமேல் அதற்குப் பசி எடுக்கும். ஓரத்துப் புல், வேலி, கடைப் பலகை என்று எதையாவது தேடும். கடைசிக்காரர் வண்டியை வெறும் பாறையில் நிறுத்திப் பார்த்தார். தின்ன ஒன்றும் இல்லாத இடத்தில் அது அவரையே பார்த்தது. ஆகவே அவர் ஓட்டிக்கொண்டே இருந்தார். சங்கத்தார் முறைவைத்து வழியில் பெட்ரோல் கேனும் சாப்பாட்டுப் பொட்டலமும் வைத்தார்கள். ஊருக்கு வெளியே இருந்த நேர்ச்சாலையில் வண்டியிலேயே தூங்கக் கற்றுக்கொண்டார். வளைவு நெருங்கினால் தீ சீறி எழுப்பிவிடும். ஒரு முறை பல் மருத்துவர் பாசத்தில் நாள் முழுக்கக் கூடவே ஓட்டினார். மறுநாள் காலை அவருக்குப் பின்னாலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்னத் தீ வந்தது. மருத்துவமனை வாசலில் அதைப் பார்த்த நோயாளிகள் பல்வலி மறந்து ஓடினார்கள். இரண்டு நாளில் அதுவாகவே போய்விட்டது என்றாலும், தன்னோடு நெருங்கி இருப்பவர்களையும் அது தன் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறது என்று கடைசிக்காரருக்குப் புரிந்தது. அன்றோடு யாரையும் பக்கத்தில் விடவில்லை.

மகள் பிறந்தபோது மூன்றாம் மாடி ஜன்னலில் ஒரு செவிலி குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். அவர் தெருவில் வண்டியின்மேல் நின்றபடி பார்த்தார். அதன்பின் தினமும் மாலை நாலு பத்துக்கு வீட்டு வாசலில் ஏழு நிமிடம். அவர் வேலிக்கு அந்தப் பக்கம், வண்டியை அணைக்காமல். அவள் இந்தப் பக்கம், இடுப்பில் குழந்தையோடு. தடுப்பூசி போட்டது, பல் முளைத்தது, குழாய் ஒழுகுவது எல்லாம் ஏழு நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். இஞ்சின் சத்தத்துக்குமேல் கத்திப் பேசியதால் அந்தக் குடும்பத்தின் ரகசியம் என்று தெருவில் எதுவும் மிஞ்சவில்லை. பக்கத்து வீட்டுக்காரி துவைத்த துணியை நாலு மணிக்கு வெளியே போட்டு, நாலு பதினேழுக்குக் காய்ந்ததாக எடுத்துக்கொள்வாள். மற்ற நேரங்களில் மனைவி நிலையத்தில் உட்கார்ந்து, தன் புருஷனைப் பற்றிய புகார்களை மற்றவர்களுடைய தீயைப் போலவே எழுதிக்கொண்டாள். "உங்க வீட்டுக்காரர் எங்க தெருவுல எட்டு நிமிஷமா நிக்கிறாரும்மா" என்பார்கள். டயர் பஞ்சராகியிருக்கும். அவள் சங்கத்துக்குச் சொல்லிவிட்டு, வேறு வழியின்றி அடுத்த அழைப்பை எடுப்பாள். உலகத்தில் யார் வீட்டுத் தீக்கும் வண்டி அனுப்பத் தெரிந்தவளுக்குத் தன் வீட்டுத் தீக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மகளுக்கு நாலு வயது முடிந்த வாரம் அது நடந்தது. அம்மா கையை உதறிவிட்டுக் குழந்தை வேலிக்கதவைத் திறந்துகொண்டு அவரை நோக்கி ஓடியது. கடைசிக்காரர் பதறிப்போய் வண்டியை முறுக்கிக்கொண்டு பறந்துவிட்டார். தீயும் பின்னால் ஓடியது. குழந்தை காலியான தெருவின் நடுவே சிறிது நேரம் நின்றது. அன்று சாப்பிடும்போது, அழாமல், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டது.

"அப்பாவுக்கு என்னைப் பிடிக்காதாம்மா?"

தீ, நாற்பதடி, கூட்டம் என்று நாலு வயசுக்கு எப்படிச் சொல்வது? மறுநாள் வேலைக்குப் போனதும் நேராக அதிகாரியின் அறைக்குள் போனாள். ஒரு வருடத்துக்குமுன் கடைசிக்காரர் வாசலில் சொன்ன ஒன்று அவள் மனதில் கிடந்தது. ஆற்றோரத்தில் கைவிடப்பட்ட ஒரு மரக் கொட்டகை பக்கம் வண்டி நின்றுபோனபோது, தீ கொட்டகைக்குள் போய் நாற்பது நிமிடம் தின்றதாம். தின்னும்போது அது யாரையும் கவனிக்கவில்லையாம். அவர் கட்டைபோல் தூங்கினாராம்.

"வர்ற வெள்ளிக்கிழமை நாலு பத்துக்கு எங்க வீட்டுல தீப்பிடிக்கும் சார்."

"எப்படிம்மா சொல்றே?"

"நான்தான் விடப் போறேன். பக்கத்து வீடுங்களை மட்டும் முன்னாடியே நனைச்சு வெச்சுடுங்க."

அதிகாரி நெடுநேரம் மேசைக் கண்ணாடியைத் துடைத்தார். முப்பது வருடமாக வீடுகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்த மனிதர். பிறகு, உத்தரம் என்ன மரம் என்று கேட்டார். அவள் சொன்னாள். மாடித் தரையும் மரமா? ஆமாம், அப்பா கட்டின வீடு, எல்லாமே மரம்தான். அவர் காகிதம் எடுத்தார். இருவரும் அறை அறையாகக் கணக்குப் போட்டார்கள். இரண்டே கால் மணி நேரம் வந்தது.

"கதவு ஜன்னலை எல்லாம் சாத்தி வை" என்றார் அதிகாரி, நிமிராமல். "மெதுவா எரியும். அரை மணி கூடக் கிடைக்கும்."

வெள்ளிக்கிழமைக்குள் சங்கத்தார் வந்து பாத்திரம், துணிமணி, தையல் இயந்திரம், சான்றிதழ்கள் எல்லாவற்றையும் இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை அறையில் கொண்டுபோய் வைத்தார்கள். கட்டிலையும் அலமாரியையும் எடுக்க வந்த பல் மருத்துவரை அவள் தடுத்துவிட்டாள். அவை இருந்தால் நல்லது, கால் மணியாவது நிற்கும் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வெளியே போய்விட்டார். நாலு பத்துக்குக் கடைசிக்காரர் வந்தபோது பக்கத்து வீடுகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, வேலி பிடுங்கப்பட்டிருந்தது, வாசல் கதவு மட்டும் திறந்திருந்தது. விஷயம் புரிந்ததும் அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"பைத்தியமா உனக்கு? வீட்டை எரிச்சுட்டு எங்கே இருப்பே?"

"வாடகைக்கு இருப்போம். ஊருல பாதிப்பேர் அப்படித்தான் இருக்காங்க. வண்டியை நிறுத்துங்க."

"உங்கப்பா கட்டின வீடு."

"அவர் கட்டினது நாம சேர்ந்து இருக்கத்தான். நிறுத்துங்க."

நாலு வருடத்துக்குப் பிறகு அந்த வாசலில் இஞ்சின் அணைந்தது. தெரு அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று யாருக்கும் ஞாபகமில்லை. எட்டாவது நிமிடம் தீ அக்கம்பக்கம் பார்த்தது. திறந்த கதவைப் பார்த்தது. விருந்துக்கு வந்தவர்கள்போல் வாசலில் சற்றுத் தயங்கி, உள்ளே போயிற்று. அவள் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

எதிர்ச்சாரியில் பக்கத்து வீட்டுக்காரி போட்ட நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். நடக்க மறந்திருந்தார், இரண்டு பேர் தாங்கிக் கூட்டிவந்தார்கள். மனைவி குழந்தையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அவருக்குப் பிடிக்கத் தெரியவில்லை. கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் அந்த வளைவிலேயே நின்றுவிட்டிருந்தன. அதற்குள்ளேயே குழந்தையின் இடுப்பைச் செருகிக்கொண்டார். குழந்தை அவர் தாடியைத் தொட்டுப் பார்த்தது. பெட்ரோல் நாற்றத்துக்கு மூக்கைச் சுளித்தது. தான் வைத்திருக்கும் மூன்று பென்சில்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கியது. இரண்டாவது பென்சிலில் அவர் தூங்கிவிட்டார். தலை சரிந்து குழந்தையின் உச்சியில் படிந்தது. எழுப்பலாமா என்று பல் மருத்துவர் கண்ணால் கேட்டார். வேண்டாம் என்று அவள் தலையசைத்தாள். ஒரு வீட்டின் விலையில் வாங்கிய நேரம் குறட்டையாகப் போய்க்கொண்டிருந்தது. அதைத் தடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. நாற்காலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் காலைப் பிடித்துவிட்டபடி, தான் பிறந்த மாடி அறையின் ஜன்னல் சிவப்பதைப் பார்த்தாள். குழந்தை இரண்டு மணி நேரமும் அசையவில்லை. கால் மரத்துப்போயும் அசையவில்லை. சும்மா ஒரு இடத்தில் இருக்காத பிள்ளை அது.

ஏழு மணிக்கு மூலை உத்தரம் விழுந்தது. கணக்கில் ஐந்து நிமிடம் குறைந்ததற்கு அதிகாரி வருத்தப்பட்டார். தீ வாசல் இருந்த இடத்தின் வழியாக வெளியே வந்து, தெருவைக் கடந்து, நாற்பதடி தள்ளி நின்றது. அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு அவரை உலுக்கி எழுப்பினாள்.

"ரொம்ப நேரம் தூங்கிட்டேனா?"

"இல்லைங்க. இப்பத்தான் கண்ணை மூடினீங்க."

அவர் தரைமட்டமாகிக் கிடந்த வீட்டைப் பார்த்தார். வண்டியில் ஏறினார். வாடகை அறைக்குப் போகிற வழியில் குழந்தை தன் ஈரத்தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு, எதிரே வந்தவர்களிடமெல்லாம், "எங்கப்பா என் தலையில எச்சில் விட்டுட்டாரு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தது.

அதன்பின் ஊரார் அவரவரால் ஆனதைக் கொடுத்தார்கள். கால் உடைந்த கட்டில் என்றால் பன்னிரண்டு நிமிடம். இரட்டைக் கதவு அலமாரி இருபது. தச்சர் மாதாமாதம் சிராய்க்கழிவு கொடுத்தார். அது பொசுக்கென்று போய்விடும், முகம் பார்க்க மட்டும் ஆகும். ஒரு மூடிய திரையரங்கு மூன்று மணி நேரம் நின்றது; அன்றுதான் அவர் மகளுக்கு வாய்ப்பாடு கேட்டார். ஆறாவது ஆண்டில் நகராட்சி இதற்கென்று ஒரு படிவம் அச்சடித்தது. பழைய கட்டடங்களை இடிக்கும் ஒப்பந்தக்காரர்கள் ஆட்சேபம் தெரிவித்து, பிறகு சலித்து, வேறு ஊர் பார்த்துப் போனார்கள். சங்கம் மலைக்குப் போவதை நிறுத்தவில்லை. யாரும் எதையும் கூப்பிடுவதில்லை. வெறுமனே எண்ணிவிட்டு இறங்குகிறார்கள்.

மகளுக்குப் பதினைந்து வயதானபோது, அவள் படித்த பள்ளியின் மேற்குக் கட்டடம் வரிசையில் அவர்களுக்கு வந்தது. நல்ல பழைய மரம், அடுக்கடுக்காகப் பெஞ்சுகள். ஆறு மணி நேரம் என்று அதிகாரி எழுதிக் கொடுத்தார். அது வரைக்கும் அவர்களுக்குக் கிடைத்ததில் அதுதான் அதிகம். அன்று மூவரும் மைதானத்தில் பாய் விரித்து, மகளின் மேற்படிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி, அரை மணி நேரம் சண்டையும் போட்டார்கள். பிறகு அவர் மகள் மடியில் தலையும் மனைவி மடியில் காலுமாகத் தூங்கினார். எரிந்து முடிந்ததும் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வண்டியை எடுத்தார். தாயும் மகளும் பாயைச் சுருட்டிக்கொண்டு, அடுத்தது யாருடைய கட்டடம் என்று பேசியபடியே வீட்டுக்கு நடந்தார்கள்.