சமையல் மேடையின் உயரம்

கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சமையல் மேடையைக் கொஞ்சம் உயர்த்திக் கட்ட வேண்டும், குனிந்து குனிந்து இடுப்பு ஒடிகிறது. இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுக்கொண்டிருந்த கணவர், திடீரென்று தாமாகவே ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து நிறுத்தினார். ஒரு ஆணியை நேராக அடிக்கத் தெரியாத மனுஷன்! அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. ஃப்ரிட்ஜ் சோபாவை ஒட்டி நின்றது. மின்சார அடுப்பு படுக்கையறைக்குக் குடிவந்து, தலையணையெல்லாம் வெங்காய வாசனை. பாத்திரங்களுக்குக் குளியலறைதான் கதி. எவ்வளவு மூடி வைத்தாலும் பாலில் சிமெண்ட் தூசி. போதாக்குறைக்கு அவளுடைய வலது கால் வேறு சண்டித்தனம் செய்தது. நடக்கும்போது செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரிவதில்லை. டாக்டர் எடுக்கச் சொன்ன பரிசோதனையின் முடிவை வாங்கப் போன கணவர், "ஒண்ணுமில்ல, சத்துக் குறைவாம். மாத்திரை போட்டா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டார். அவளும் நல்ல பிள்ளையாக மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

எல்லாக் கஷ்டத்தையும் அந்த மேடைக்காகப் பொறுத்துக்கொண்டாள். தூசி ஆகாது என்று சமையலறை வாசலில் கணவர் தார்ப்பாயைத் தொங்கவிட்டு, உள்ளே வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்று அவர் வேலைக்குப் போனதும் ஆசை தாங்காமல் தார்ப்பாயை விலக்கி, கொத்தனார் வேலை செய்துகொண்டிருந்த சமையலறைக்குள் நுழைந்தாள்.

மேடை பழையதைவிடத் தாழ்வாக இருந்தது.

"என்ன மேஸ்திரி இது! உசத்திக் கட்டச் சொன்னா இறக்கி வெச்சிருக்கீங்க? கீழ அலமாரியையும் காணோம். கண்ணை எங்க வெச்சுட்டு வேலை பாத்தீங்க?"

"என்னைத் திட்டாதீங்கம்மா. சார் குடுத்த அளவு. கீழ காலியா விடச் சொன்னதும் அவர்தான்."

"எதுக்காம்?"

"சக்கர நாற்காலி உள்ள போகணும்ல?" சொன்ன பிறகு கொத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டார். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்மா..."

அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். கணவர் காலையில்தான் படியிறங்கி ஓட்டமாய் ஓடிப் பேருந்து பிடித்திருந்தார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். வாசல் அகலமாகியிருந்தது. நிலைப்படி இருந்த இடம் தரையோடு தரையாகப் பூசப்பட்டிருந்தது. விளக்கு சுவிட்சுகூட இடுப்புக்கு இறங்கியிருந்தது. எல்லாமே அவளுக்கு முன்னதாகவே தயாராகிக் காத்திருந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டாள். கொத்தனார் ஏதோ சொன்னார், காதில் ஏறவில்லை.

சாயங்காலம் கணவர் காய்கறிப் பையோடு வந்தபோது தார்ப்பாய் தரையில் கிடந்தது. அவள் மேடைக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர் நெஜமா என்னதான் சொன்னாரு?"

அவர் சிமெண்ட் மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தார். "நோவு மெதுவாத்தான் முத்துமாம். ஆனா... ரெண்டு காலும் போயிடுமாம். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"பாவி மனுஷா, இத்தனையும் இடிச்சுக் கட்டத் தெரிஞ்சுதே, வாயைத் திறந்து சொல்லத் தெரியலையா?" அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "இந்த அளவை எப்ப எடுத்தீங்க?"

"நீ நாற்காலியில கண்ணசந்தப்ப."

அவள் கைகளை மேடை மேல் வைத்துப் பார்த்தாள். முழங்கை இரண்டும் வாகாகப் படிந்தன. ஒரு ஆணியை நேராக அடிக்கத் தெரியாத மனுஷன் எடுத்த அளவு மயிரிழைகூடப் பிசகவில்லை. அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.