வானம் தள்ளுகிறது

மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்த விஸ்வநாதனுக்கு, பூமி எதையும் இழுப்பதாகத் தோன்றவில்லை. வானம்தான் எல்லாவற்றையும் கீழே தள்ளுகிறது என்பது அவர் முடிவு. டெல்லியில், துவாரகாவிலிருந்து ஆபீசுக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போகையில் தோன்றியதாம்.

அங்கே தமிழர்கள் சிலர் சேர்ந்து நடத்திய சிறிய பள்ளியில் அவர் மகள் அபூர்வா ஏழாம் வகுப்புப் படித்தாள். 2003இல் அந்தப் பள்ளியின் பெற்றோர் குழுவில் விஸ்வநாதன் பேசினார். புவியீர்ப்போடு தள்ளுவிசையையும் பாடமாக வைக்க வேண்டும், எது சரி என்று பிள்ளைகளே முடிவு செய்யட்டும் என்றார். இரண்டு பக்கமும் கேட்பதுதானே நியாயம் என்று குழுவும் தீர்மானம் போட்டுவிட்டது.

அறிவியல் ஆசிரியை சுபாஷிணிக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு, அவரே வந்து ஒரு வகுப்பு எடுக்கட்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

அவர் நன்றாகவே எடுத்தார். கரும்பலகை முழுக்க மேலிருந்து கீழே அம்புகள் வரைந்தார். அபிஷேக் என்ற பையன் எழுந்தான்.

"அங்கிள், அப்ப குடைக்குக் கீழ நின்னா வெயிட் கம்மியா காட்டுமா?"

விஸ்வநாதன் அதை யோசித்ததே இல்லை. முகம் மலர்ந்துவிட்டது. "காட்டணும். பார்த்துடலாமே."

எடை மெஷின் வந்தது. அபிஷேக் குடையோடு ஏறினான், பிறகு அதன் எடை சேராமலிருக்க, கீழே நின்ற ஒருவனிடம் கொடுத்துத் தன் தலைக்கு மேல் பிடிக்கச் சொன்னான். முள் மாறவில்லை. மாடிப்படிக்கு அடியில் வைத்தார்கள், மொட்டை மாடியில் வைத்தார்கள். அதே எடைதான். குந்தி உட்கார்ந்து முள்ளையே பார்த்த விஸ்வநாதன், கூரை தள்ளுவிசையை அப்படியே கீழே கடத்திவிடுகிறது போலும் என்றார். பிள்ளைகள் அச்சா என்று தலையாட்டினார்கள்.

அபூர்வா மட்டும் கேட்டாள். "அப்பா, முள் எப்படிக் காட்டினா நீங்க சொன்னது தப்புன்னு ஒத்துப்பீங்க?"

அவள் குரலில் கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அடுத்த வாரம் அவர் சுபாஷிணியைத் தேடி வந்தார். "யோசிச்சுப் பார்த்தேன் டீச்சர். முள் எங்க நின்னாலும் நான் சொன்னது சரின்னுதான் வருது. அப்படின்னா நான் ஒண்ணுமே சொல்லலைன்னுதானே அர்த்தம்?"

பாடத்தை நீக்கிவிடும்படி குழுவிடமும் கேட்டுக்கொண்டார். தலைவர் வாசுதேவன் சம்மதிக்கவில்லை. பல பெற்றோருக்கு அந்தப் பாடம் பிடித்துப் போயிருந்தது. நம் முன்னோர் அறிந்ததுதான் அது என்றுகூடச் சிலர் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். "உங்களுக்கு நம்பிக்கை போயிருக்கலாம் சார். எங்களுக்கு இருக்கே," என்றார் வாசுதேவன்.

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய நாள் அபூர்வா அந்தப் பாடத்தைச் சொல்லித்தரக் கேட்டாள். விட்டுவிடும்மா என்றார்.

"அஞ்சு மார்க், அப்பா."

வேறு வழியின்றி அம்புகள் வரைந்து விளக்கினார். எழுதிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்தாள்.

"சரி, பூமி இழுக்குதுன்னே வெச்சுப்போம். எதால இழுக்குது? கயிறு ஒண்ணும் இல்லையே?"

சுபாஷிணி டீச்சரைக் கேட்கலாம் என்று காலையில் மகளோடு தானும் பள்ளிக்குக் கிளம்பினார்.