பஸ் ஹோல்ட்டும் வியாழனும்

எனக்குக் கோபம் வந்தால் வெள்ளவத்தை முழுக்கக் கேட்கும் என்பார் என் கணவர் பிரியந்தன். அன்று நிச்சயம் கேட்டிருக்கும்.

மறுநாள் என் ஆய்வைப் பல்கலைக்கழகக் குழுவின் முன் வைக்க வேண்டும். இரண்டு தடவை தவணை வாங்கியாயிற்று. இம்முறை தவறினால் பதிவு ரத்து.

அணுவுக்குள் இலத்திரன்கள் நினைத்த இடத்தில் சுற்றுவதில்லை. அவற்றின் பாதைகள் ஒன்று, நான்கு, ஒன்பது என்று முழு எண்களின் வர்க்கங்களாகவே விரியும். சூரியனிலிருந்து கோள்களின் தூரங்களும் அப்படித்தான் என்று காட்டுவது என் ஆசை. புதனுக்கு மூன்றின் வர்க்கம், வெள்ளிக்கு நான்கு, பூமிக்கு ஐந்து, செவ்வாய்க்கு ஆறு. அடுத்தது வியாழன், அதற்குப் பதினொன்று. இடையில் விடுபட்ட எண்களைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

பின்னேரம் கடைசி வரைபடத்தைப் போட்டேன். புள்ளிகள் அத்தனையும் கோட்டில் வந்து குந்தின. துள்ளிக் குதித்தேன்.

தேத்தண்ணியோடு வந்த பிரியந்தன் திரையைப் பார்த்தார்.

"இஞ்சேரும், இது என்ர பஸ் ஹோல்ட் கணக்கெல்லே?"

சந்தையடியில் பஸ் நிற்கும் ஹோல்ட்டை எடுத்துவிட்டார்கள் என்று இவர் மாதக்கணக்காக மனு எழுதுகிறார். அதற்காகக் காலி வீதி வழியே கல்கிசை வரைக்கும் ஒவ்வொரு ஹோல்ட்டின் தூரத்தையும் அளந்து என் கணினியில் போட்டிருந்தார். நான் அவசரத்தில் கோள்களின் தூரங்களுக்குப் பதிலாக அந்த எண்களை வரைபடத்தில் போட்டுவிட்டேன்.

"கண்டறியாத மனுவும் நீங்களும்!" என்று கத்தினேன். அந்த மனுவில் கையெழுத்துக் கேட்டபோதும் இதையேதான் சொன்னேன்.

பிறகுதான் உறைத்தது. காலி வீதி ஹோல்ட்டுகளுக்கும் என் வர்க்க விதி பொருந்துகிறதென்றால் அது என்ன விதி? பொருந்தாத எண்களை விட்டுவிட்டுப் போகலாமென்றால் எதுவும்தான் பொருந்தும். இரண்டு வருட உழைப்பு. அழுதேன்.

"ஒருத்தருக்கும் தெரியாது. கோள்களின்ர வரைபடத்தை மட்டும் காட்டட்டே?" என்று கேட்டேன்.

"காட்டும். ஆனா நீர் கண்டிட்டீரெல்லே" என்றார் மெதுவாக.

மறுநாள் கோள்கள், ஹோல்ட்டுகள் இரண்டின் வரைபடங்களையும் காட்டினேன். குழுத் தலைவர் சவுந்தரநாயகம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"அப்ப உண்மை எது, தற்செயல் எது எண்டு எப்பிடிக் கண்டுபிடிப்பீங்கள்?"

"கணினியில ஆயிரம் போலிக் கோள்தொகுதி செய்து பாக்கலாம் சேர். உண்மையான கோள்கள் அதுகளை விட நல்லாப் பொருந்தினாத்தான் விதி."

"அதுதான் உங்கட ஆய்வு. தலைப்பை மாத்துங்கோ. ஆறு மாதம் தாறம்."

வீடு திரும்பும்போது சந்தையடியில் பஸ் நிற்கவில்லை. அடுத்த ஹோல்ட்டில் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தபடி அவருக்குப் போன் எடுத்தேன்.

"இஞ்சேருங்கோ, பதிவு தப்பிப் பிழைச்சிட்டுது. அந்த மனுவை எடுத்து வையுங்கோ, நானும் கையெழுத்து வைக்கிறன்."