கண்ணு, சத்தம் போடாதே

டப்பிங் ஸ்டுடியோவில் அவளுக்குக் ‘குயில்’ என்று பெயர். தொண்டை எப்போதும் கரகரவென்றிருக்கும்; அதனால் வந்த கிண்டல். பேய், பிசாசு, கொடுமைக்கார மாமியார் என்றால் “குயிலைக் கூப்பிடு” என்பார்கள். மத்தியானம் வரை பேயாக அலறிவிட்டு, அதே தொண்டையோடு பள்ளிக்கூட வாசலில் நின்று மகளைக் கொஞ்சுவாள். பயம் அவள் பக்கம் தலைவைத்துப் படுக்காது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அன்றைய படத்தில் பேய் இல்லை. கணவனைக் கண்ணெதிரே பறிகொடுத்த ஒருத்திக்கு மெல்ல மெல்லப் புத்தி பேதலிக்கிற கதை. குரல் கொடுக்க வருகிறவர்களிடம் முழுக் கதையையும் யார் சொல்லப்போகிறார்கள்? திரையில் அசைகிற வாயைப் பார்த்துப் பேசிவிட்டுப் போக வேண்டியதுதான்.

திரையில் அந்தத் தாய் தன் பெண்ணைத் துணி அலமாரிக்குள் உட்கார வைத்தாள். குனிந்து, உதட்டில் விரல் வைத்தாள்.

“இதுதான்க்கா டயலாக்,” ஹெட்போனில் டைரக்டரின் குரல். “‘கண்ணு, சத்தம் போடாதே. அவங்க போனதும் திறக்கறேன்.’ பாசமா சொல்லணும்.”

குயில் மைக்கிலிருந்து ஓர் அடி பின்வாங்கினாள்.

ஏழு வயதில் அவள் கேட்ட வார்த்தைகள் இவை. அப்பா விபத்தில் போய்ச் சேர்ந்த வருஷம். அவரைக் கொண்டுபோனவர்கள் உன்னையும் தேடி வருகிறார்கள் என்று சொல்லி, அம்மா அவளை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பாச்சை உருண்டை நெடி. கன்னத்தைக் குத்திய கம்பளி. கதவிடுக்கில் ஒரு கோடு வெளிச்சம். அதுவும் அணைந்தது, விடிந்தது, மறுபடி அணைந்தது. மாமா வந்துதான் பூட்டை உடைத்தார். அம்மா நெடுநாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அப்புறம் அதைப் பற்றி வீட்டில் யாரும் மூச்சுவிடவில்லை. இப்போது அம்மா இவளோடுதான் இருக்கிறாள், தானுண்டு தன் மாத்திரை உண்டு என்று.

“அக்கா, ரெடியா?”

அந்த நிமிஷம்தான் அவளுக்கு உறைத்தது. இன்று பள்ளி விடுமுறை. கணவன் வெளியூர். வீட்டில் மகளும் அம்மாவும் மட்டும். இதுவரை ஒருநாளும் அப்படி விட்டுவிட்டு வந்ததில்லை.

போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள்.

வீட்டு வாசல் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கூடத்தில் யாரும் இல்லை. படுக்கையறை மட்டும் உள்ளே தாழ் போட்டிருந்தது.

“அம்மா! கதவைத் திற!”

உள்ளேயிருந்து மெதுவாக வந்தது பதில். “சத்தம் போடாதே.”

தோளால் மோதினாள். இரண்டாவது மோதலில் தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டது. அம்மா கட்டில் ஓரத்தில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

“குழந்தை எங்கே? எங்கேம்மா வெச்சே?”

பதிலுக்குக்கூட நிற்காமல் குயில் அலமாரியின் மேல் பாய்ந்தாள். போர்வை, சட்டை, பெட்டி, எல்லாவற்றையும் வாரி வெளியே எறிந்தாள். பின்பலகையை நகத்தால் பிறாண்டினாள். “திற! திற!” என்று அலறினாள். அலமாரி திறந்துதான் இருந்தது.

“அம்மா…”

வாசலில் மகள். அலறல் கேட்டு ஓடிவந்த கீழ் வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குயில் திரும்பியதும் வெடுக்கென்று அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

“என்னாச்சும்மா?” கீழ் வீட்டுக்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “நீங்க போன உடனே உங்கம்மா கொண்டுவந்து விட்டாங்களே! ‘எனக்கு இன்னிக்கு மனசு சரியில்லை. இவ உங்ககிட்டயே இருக்கட்டும். நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க’ன்னாங்க.”

குயில் அப்படியே துணிக்குவியலில் உட்கார்ந்துவிட்டாள்.

“படியில செருப்புச் சத்தம் கேட்டுது,” என்றாள் அம்மா, தரையைப் பார்த்தபடி. “யாரும் இல்லைன்னு தெரியும். ஆனாலும் கேட்டுது. அதான் உள்ளே தாழ் போட்டுக்கிட்டேன். போன் அடிச்சுது. அது நிஜமா அடிக்குதான்னு தெரியலை.”

மகள் கிட்டே வரத் தயங்கினாள். “அம்மாவுக்கு என்ன பாட்டி?”

“பயந்துட்டா. மெதுவா வா. வந்து அவ கையைப் பிடிச்சுக்கோ.”

கீழ் வீட்டுக்காரி போன பிறகு குயிலும் அம்மாவும் தரையில் உட்கார்ந்து துணிகளை மடித்தார்கள். ஒரு போர்வையின் நுனியைத் தேடிக்கொண்டே அம்மா கேட்டாள்:

“அன்னிக்கு உள்ளே ரொம்ப இருட்டா இருந்துச்சா?”

குயில் அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். முடியவில்லை.

“ஆமாம்மா. ரொம்ப.”

அம்மா அவள் தலையைத் தன் மடியில் இழுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் டைரக்டரைக் கூப்பிட்டு, “இது என்னால ஆகாது தம்பி. வேற யாரையாவது பேச வெச்சுக்கோங்க,” என்றாள். அவர் எவ்வளவோ கெஞ்சினார். அவள் மசியவில்லை. படம் பிறகு வேறொருத்தியின் குரலில் வந்து நன்றாக ஓடியதாம். அவள் போய்ப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் அம்மாவை மனநல டாக்டரிடம் அழைத்துப் போனாள். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் தலை நிமிராமலே கேட்டாள்: “யாருக்குங்க பார்க்கணும்?”

குயில் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“ரெண்டு பேருக்கும்.”