இரண்டு அடிக்கு ஒரு கார்

அக்காவைக் கட்டிய மாமா வேடிக்கையாகத்தான் கேட்டார். காலை எட்டு மணி. அவசர அவசரமாக ரொட்டியை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா கணக்கு, வண்டி எண்றதுக்கு ரோட்டுக்குக் குறுக்கே ஒரு கறுப்புக் குழாய் போட்டிருந்தீங்களே, அது மேல தினம் நாலு தடவை லாரிய ஏத்தி இறக்கினேன். என்னையும் சுத்திப் பாக்க வந்தவன்னு எழுதிட்டியா?"

அக்கா சிரித்தாள். தங்கையும் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எந்த இடத்துல மாமா?"

"மரக்கிடங்குக்குத் திரும்பற முக்கு இருக்குல்ல, அதுக்கு முன்னாடி. லைட் கம்பத்துல ஒரு பெட்டியச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தாங்களே."

முக்குக்கு முன்னாடியா? அவள் வரைபடத்தில் புள்ளி வைத்தது முக்கைத் தாண்டி, ஏரிக்குப் போகும் பாதையில். அந்தப் பாதையில் மர லாரி போகாது. ஏரி பார்க்க வருகிறவர்களின் கார் மட்டும்தான் போகும்.

இவள் படிப்பெல்லாம் கணக்குப் படிப்பு. மலைக்காட்டை அரசுப் பாதுகாப்புக் காடாக அறிவித்தால் சுற்றுவட்டாரத்தில் எவ்வளவு பேருக்குப் பிழைப்பு போகும், எவ்வளவு பேருக்குப் புதிதாக வரும் என்று மதிப்பிட்டுச் சொல்ல வனத்துறை அமர்த்திய ஆள். அறிவிப்பு வந்தால் மரம் வெட்டுவது நின்றுவிடும், லாரி ஓடாது. அதற்குப் பதிலாக ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் பேர் காட்டைப் பார்க்க வருவார்கள், அறை கேட்பார்கள், சாப்பாடு கேட்பார்கள் என்று அறிக்கையில் எழுதியிருந்தாள். இன்று பத்து மணிக்கு ஊர் அரங்கில் அதன் மேல்தான் விசாரணை. அதற்காகத்தான் நேற்றே அக்கா வீட்டுக்கு வந்து இறங்கியிருந்தாள்.

அறிக்கையை முதலில் நம்பியது அரசாங்கம் இல்லை, அக்கா. போன மாதம் போனில் கேட்டாள், "லாரிய வித்துட்டு வீட்டுக்குப் பின்னால பன்னெண்டு ரூம் கட்டலாமாடி?" என்று. இவள் யோசிக்கவே இல்லை. "கண்ண மூடிட்டு வில்லுக்கா" என்றாள். படித்த தங்கை சொன்ன பிறகு அப்பீல் ஏது? லாரியை வாங்குகிறவர் பக்கத்து ஊரில் இன்று ஒன்பது மணிக்குக் காத்திருப்பார்.

மாமா எழுந்து கை கழுவினார். அக்கா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"போயிட்டு வந்துடறோம். விக்கலாம்தானே?"

சொல்லியிருக்கலாம். 'கொஞ்சம் பொறுக்கா, ஒரு சந்தேகம்' என்று நாலு வார்த்தை. ஆனால் சந்தேகம் சந்தேகமாக இருக்கும்போது வெளியே சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. விசாரித்து, சரிபார்த்து, பிறகுதான் வாய் திறப்பாள். கெட்டிக்காரிகளுக்கே உரிய வியாதி இது.

"ம்" என்றாள்.

லாரி உறுமிக்கொண்டு தெருமுனை திரும்பியது. அவள் அந்த நொடியே குழாய் பதித்த ஒப்பந்தக்காரரைப் போனில் பிடித்தாள். மூன்றாம் முறைதான் எடுத்தார்.

"ஆமாங்க, முக்குக்கு முன்னாடிதான் போட்டோம். பெட்டியச் சங்கிலி போட்டுக் கட்டணும்ல? முக்கத் தாண்டினா வெறும் மரம்தான் இருக்கு. மரத்துல கட்டலாம்னு பாத்தா, பாதுகாப்புக்கு எடுக்கப்போற காட்டுல எந்த மரத்துலயும் ஆணியோ சங்கிலியோ படக்கூடாதுன்னு உங்க துறை சுற்றறிக்கை அனுப்பியிருக்கே. அதான் லைட் கம்பம் இருந்த இடமாப் பாத்துக் கட்டினோம். படமும் அனுப்பினேனே, பாக்கலியா?"

பார்த்தாள். தார் ரோடு, மேலே கறுப்புக் குழாய். எந்தத் தார் ரோடும் படத்தில் ஒரே மாதிரிதான் இருக்கிறது. நேரில் ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. மரத்துக்கு வலிக்கக்கூடாது என்று துறை பார்த்துப் பார்த்துப் போட்ட சட்டம் கடைசியில் காட்டின் தலையிலேயே கையை வைத்துவிட்டது.

சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டாள். அந்தக் குழாய்க்குக் கண் கிடையாது. முன்சக்கரம் ஏறினால் ஓர் அடி, பின்சக்கரம் ஏறினால் இன்னோர் அடி. இரண்டு அடிக்கு ஒரு கார், காருக்கு மூன்று பேர்; போன வண்டியே திரும்பும் என்பதால் மொத்தத்தில் பாதி. இதுதான் அவள் வைத்த சூத்திரம். மாமாவின் லாரிக்கு ஆறு வரிசைச் சக்கரம். ஆறு அடி, மூன்று கார், ஒன்பது பேர். மாமா தனி ஆளாக மரம் ஏற்றப் போன ஒவ்வொரு நடைக்கும் ஒன்பது பேர் காட்டழகைப் பார்த்து ரசித்ததாக அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். இப்படி இருபது லாரி, தினம் இரண்டு நடை, ஆண்டுக்கு முந்நூறு நாள். ஒன்றரை லட்சத்தில் ஒரு லட்சத்து எட்டாயிரம் பேர் மரக்கட்டைகள்! மிச்சம் நாற்பத்திரண்டாயிரம்தான் மனிதர்கள். லாரி நின்றால்தான் ஜனம் வரும் என்று எழுதியவள் லாரியையே ஜனமாக எண்ணியிருக்கிறாள்.

மாமாவுக்குப் போன் போட்டாள். வண்டி ஓட்டும்போது அவர் போனைத் தொடமாட்டார். அக்காவுக்குப் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது; கைப்பைக்குள் கிடக்கும் போன் லாரி இரைச்சலில் எங்கே கேட்கும்? மறுபடி போட்டாள். அரங்குக்குப் பஸ்ஸில் போகும் வழியெல்லாம் போட்டுக்கொண்டே போனாள். எண்ணிப் பார்த்தால் பதினான்கு தடவை. காதில் வைத்த போன் வியர்வையில் வழுக்கியது.

அரங்கின் நடைவழியில் வனத்துறை மேலதிகாரியம்மாவை ஓரங்கட்டி விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"இன்னைக்குச் சொல்லாதே. அறிவிப்பு வரட்டும், அப்புறம் திருத்திக்கலாம். பதினஞ்சு வருஷம் இதுக்காக அலைஞ்சிருக்கேன்மா. இது தவறிப்போச்சுன்னா நான் ஓய்வு பெறதுக்குள்ள இன்னொரு வாய்ப்பு வராது."

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கச் சொல்றீங்களா மேடம்?"

"காட்டக் காப்பாத்தத்தான்மா சொல்றேன்" என்றார் அந்த அம்மாள். கண் கலங்கியிருந்தது. அவர் கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம்.

உள்ளே முன்வரிசையில் மர ஆலை முதலாளி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். தலைவர் மேசையைத் தட்டி விசாரணையைத் தொடங்கினார். அவள் கண் வாசலிலேயே இருந்தது. விலை படியாமல் போயிருக்கட்டும், டயர் வெடித்திருக்கட்டும், வாங்க வந்தவருக்குக் காய்ச்சல் வந்திருக்கட்டும் என்று முன்பின் தெரியாத ஒரு மனிதருக்குக் காய்ச்சலை வேண்டிக்கொண்டாள்.

பத்தேகால் மணிக்குக் கதவு திறந்தது. அக்கா முகமெல்லாம் பல்லாக உள்ளே வந்து, கூட்டத்துக்கு மேலே கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். முடிந்தது, விற்றாயிற்று. வாங்கியவரே காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டிருப்பார். பின்னால் வந்த மாமா கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். இருபத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை அது.

"மதிப்பீட்டாளர் வரலாம்" என்றார் தலைவர்.

பத்தடி தூரம் நடப்பதற்குள் நூறு யோசனை. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அக்கா பன்னிரண்டு அறை கட்டுவாள். அப்புறம்? பொய்க் கணக்கில் வந்தவர்கள் எவரும் அறை எடுத்துத் தங்கப்போவதில்லை. பூட்டிய கதவுகளுக்கு முன்னால் அக்கா துடைப்பத்தோடு நிற்பது கண்ணில் வந்தது.

மைக்கைப் பிடித்தாள்.

"அறிக்கையில இருக்கற ஒன்றரை லட்சம் தப்பு. குழாய் இடம் மாறிப் போட்டிருந்தது. மூணுல ரெண்டு பங்குக்கு மேல மர லாரிங்களோட சக்கரம். உண்மையில நாப்பத்திரண்டாயிரம்தான் வரும். இத நான் நேர்ல போய்ப் பாத்திருக்கணும். பாக்கல."

வெறும் வாயை மெல்லுகிற ஆலை முதலாளிக்கு அவல் கிடைத்துவிட்டது. "லாரியெல்லாம் ஏரி பாக்கப் போச்சாம்யா!" என்று அவர் உரக்கச் சொல்ல, அரங்கம் வெடித்துச் சிரித்தது. மேலதிகாரியம்மா ஃபைலை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

தலைவர் சிரிக்கவில்லை. "ஒரு லாரி தினம் எத்தனை நடை போகும்? தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மாமா எழுந்தார். ஒரு நடை என்று சொல்லியிருந்தால் கணக்கு குழம்பியிருக்கும், ஒன்றரை லட்சத்துக்குப் பாதி உயிராவது மிஞ்சியிருக்கும். லாரியை விற்றுவிட்ட மனிதருக்கு இனி அந்த ஒன்றரை லட்சம் பேர்தான் சோறு.

"ரெண்டு நடைங்க. சீசன்ல மூணு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

திரும்ப எண்ணச் சொல்லி மூன்று மாதத்துக்கு விசாரணையைத் தள்ளி வைத்தார்கள்.

வெளியே படிக்கட்டில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, திட்டவில்லை. தங்கை பக்கத்தில் போய் நின்றாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அக்கா, பன்னெண்டு வேணாம். நாலு ரூம் கட்டினாப் போதும்."

"நாலு நிரம்புமா?"

எப்போதும்போலப் பதில் நாக்கு நுனிக்கு வந்தது. நாற்பத்திரண்டாயிரத்தை முந்நூற்று அறுபத்தைந்தால் வகுத்து... அதற்கு மேல் போக முடியவில்லை. இருபது லாரி என்பதே குத்துமதிப்பு.

"தெரியலக்கா."

அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இத காலைல வாசல்லயே சொல்லியிருந்தேன்னா, லாரி இப்ப நம்ம வீட்டு முன்னால நின்னிருக்கும்டி" என்றாள். பிறகு எழுந்து, பஸ் எங்கே நிற்கும் என்று மாமாவைக் கேட்டாள். எங்கும் லாரியிலேயே போய் வந்த அவருக்கும் தெரியவில்லை.