நேராக இறங்கிய விமானம்

என் அக்கா புருஷன் மகாவீர நயினாருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. காஞ்சிபுரத்தில் பட்டுக் கடை வைத்திருக்கும் மனுஷர், கடலைப் பார்த்ததே இல்லை. அதனால் என்ன? கப்பலைப் பற்றியும் அவர்தான் பேசுவார், நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எழுபத்திரண்டில் அவர் மகள் தயாவதிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை ஜீவகுமாருக்குக் கடற்படையில் வேலை. விக்ராந்த் கப்பலின் மேல்தளத்தில் விமானம் இறங்கும்போது கூட நிற்கிறவர். ஏனாத்தூரிலிருந்து சொந்தக்காரர்களோடு வந்திருந்தார். எங்கள் சமண வீடுகளில் பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது என்பதால் வெயில் இருக்கும்போதே இலை போட்டுவிட்டோம்.

கப்பலில் என்ன வேலை என்று மாப்பிள்ளையை யாரோ கேட்டுவைத்தார்கள்.

“ஒரு வெளிநாட்டு ஜெட் வந்துச்சுங்க. ஓடவே இல்ல. கப்பலுக்கு மேல வந்து அந்தரத்துல நின்னுச்சு, அப்படியே நேரா கீழ எறங்கிச்சு. முன்னாடியே நாங்க தளம் பூரா வரிசையா நடந்துக்கினு ஒரு ஆணி விடாம பொறுக்கிட்டோம். கெடந்தா இஞ்சின் இழுத்துக்கும்.”

கதவுக்குப் பின்னால் தயாவதி மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பெண்ணுக்குப் பிடித்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

மகாவீர நயினார் சிரித்தார். “தறியில நாடா ஓடாம சேலை வருமா? ஓடாம பிளேன் எறங்குமா? யாருக்குக் காது குத்துறீங்க? பொய்யி சொல்றவருக்குப் பொண்ணு கெடையாது. பொய்யின்னு ஒத்துக்கினா இலையில உக்காருங்க.”

வருகிற கிராக்கியிடமெல்லாம் “உனக்காக நஷ்டத்துக்குத் தரேம்மா” என்று தர்மத்தின் மேல் சத்தியம் பண்ணுகிறவர் பேசுகிற பேச்சு இது!

வெயில் எதிர்வீட்டு ஓட்டின் மேல் ஏறிவிட்டது. விட்டால் விடியும்வரை பட்டினிதான். மாப்பிள்ளை வீட்டார் சூரியனைப் பார்த்தார்கள், வடையைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா அவர் தோளை இடித்தார். “ஒத்துக்கப்பா. பசி காதை அடைக்குது.”

ஜீவகுமார் தலையைக் குனிந்தார். “தமாசுக்குச் சொன்னேன் மாமா. அப்படி ஒண்ணும் எறங்கல.”

சொன்னதுதான் தாமதம், எல்லோரும் இலையில் விழுந்தார்கள். மகாவீர நயினார் முகத்தில் என்ன பெருமை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைக்கு மேல் ஜெட் இறங்கியபோது ஓடாத ஆண்பிள்ளை, என் அக்கா புருஷனின் வாய்க்குப் பயந்துவிட்டார்.

தயாவதி பாயசத்தோடு வந்தாள். மாப்பிள்ளை இலைக்கு முன்னால் நின்றாள்.

“நெசமா எறங்கிச்சா, இல்லியா?”

அவர் நிமிர்ந்து என் அக்கா புருஷனைப் பார்த்தார். பிறகு அவளிடம், “இல்லம்மா” என்றார்.

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள்.

“கண்ணால பாத்ததையே உனக்குப் பயந்துக்கினு இல்லன்னுட்டாரு. நாளைக்கு இன்னொருத்தருக்குப் பயந்தா என்னையும் இல்லன்னுவாரு. எனக்கு வேணாம்பா.”